பூசைத் தேங்காயும் வீட்டுச் சமையலும்: சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வில் ஒரு வரலாற்று நோக்கு

ஆலயத்தில் அர்ச்சனை நிறைவுற்றதும் அர்ச்சகர் நம்மிடம் திருப்பித் தரும் தட்டில் விபூதி, குங்குமம், மலர், வெற்றிலை, வாழைப்பழம் ஆகியவற்றோடு உடைத்த தேங்காயும் இருக்கும். கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்தியோடு வீட்டிற்கு எடுத்துச் செல்கிறோம். அதன்பின் அத்தேங்காய்க்கு என்ன நேர்கிறது? முன்னாளில் இக்கேள்வியே எழுந்திருக்காது. அன்று பிற்பகலுக்குள் அது துவையலாகவோ பொரியலாகவோ பாயசமாகவோ மாறி, வீட்டார் அனைவருக்கும் பிரசாதமாகப் பகிரப்பட்டிருக்கும். இன்றோ, குளிர்பதனப் பெட்டியின் ஒரு மூலையில் சில நாள் கிடந்து, மேற்பரப்பு வழுவழுப்பாகி, இறுதியில் மனக்குறையோடு குப்பையில் இடப்படுவதும் உண்டு.

இறைவன் திருமுன் படைத்த பொருள் வீணாவது ஒரு குறை. அதனைப் பயன்படுத்தும் கைப்பழக்கம் நம் இல்லங்களிலிருந்து மறைவது அதனினும் பெரிய குறை. சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் தேங்காய் பெற்றிருந்த இடத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், இப்பழக்கம் எவ்வாறு வளர்ந்தது, எதனால் தளர்ந்தது, அதனை எவ்வாறு காக்கலாம் என்பன தெளிவாகும்.

வழிபாட்டில் தேங்காய்

இந்து சமயச் சடங்குகளில் தேங்காய் இடம்பெறாத மங்கல நிகழ்ச்சி இல்லை எனலாம். பூரண கும்பத்தின் மேல் மாவிலை சூழ அமர்வது தேங்காய். திருமணத்தில் தாம்பூலத்தோடு வழங்கப்படுவது தேங்காய். புதுமனை புகும்போதும், புதிய வாகனம் ஓட்டத் தொடங்கும்போதும், பிள்ளையார் முன்னிலையில் சிதறுகாய் இடும்போதும் தேங்காயே முன்னிற்கிறது. தைப்பூசத் திருநாளை ஒட்டி, டேங்க் ரோட்டில் நகரத்தார் 1859 ஆம் ஆண்டில் நிறுவிய அருள்மிகு தெண்டாயுதபாணி ஆலயத்தின் வெள்ளி ரதம் பவனி வரும்போது, அன்பர்கள் வழியில் தேங்காய் உடைத்து வழிபடுவதை நாம் அனைவரும் அறிவோம்.

நாரை உரித்தல் ஆசையைக் களைதல் என்றும், ஓட்டை உடைத்தல் ஆணவத்தை உடைத்தல் என்றும், உள்ளே தோன்றும் வெண்மை தூய உள்ளம் என்றும் பெரியோர் விளக்கம் கூறுவர். இவ்விளக்கத்தோடு மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. தமிழகத்துச் சிற்றூர்களில் பிள்ளையார் கோயில் வாயிலில் சிதறுகாய் உடைக்கப்பட்டவுடன், சிறுவரும் வறியவரும் ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்கிச் செல்வர். அதனை எவரும் தடுப்பதில்லை. படைக்கப்பட்ட தேங்காய் உண்ணப்பட வேண்டும் என்பதே மரபு. பூசை கருவறையில் தொடங்குகிறது. அதன் நிறைவு அடுக்களையிலும் பந்தியிலும் நிகழ்கிறது.

இரு கரைகளின் மரம்

நம் முன்னோர் கப்பலேறி இத்தீவிற்கு வந்தபோது, அவர்களுக்குப் பழக்கமில்லாத மரங்கள் பல இங்கு இருந்தன. ஆனால் கரையோரத்தில் நின்ற தென்னை அவர்களுக்கு அயலான மரம் அன்று. 2011 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, உலகெங்கும் உள்ள தென்னை மரங்கள் இரு பெரும் பிரிவுகளைச் சேர்ந்தவை எனக் காட்டிற்று. ஒன்று தென்கிழக்காசியத் தீவுகளில் பயிரிடத் தொடங்கிய பசிபிக் பிரிவு. மற்றொன்று தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு ஆகிய பகுதிகளில் தனியாகப் பயிரிடத் தொடங்கிய இந்தியப் பெருங்கடற் பிரிவு. ஆகவே மலாய் மக்களும் தமிழரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்காமலேயே, தத்தம் கரைகளில் தென்னையை வளர்த்து உணவாக்கிக் கொண்டவர்கள் என்று கொள்ளலாம். இரு மரபுகளும் கை கோத்த இடங்களுள் சிங்கப்பூர் ஒன்று.

தென்னையின் பெருமையை நம் இலக்கியமும் நன்கு அறியும். மூதுரையில் ஔவையார் செய்ந்நன்றிக்குத் தென்னையையே உவமையாகக் காட்டினார். வேரில் வார்த்த நீரை உச்சியில் இளநீராக்கித் திருப்பித் தரும் மரம் அல்லவா அது! உலக வணிகத்திலும் நம் சொற்கள் நிலைபெற்றுள்ளன. உலர்ந்த தேங்காய்ப் பருப்பிற்கு ஆங்கிலேயர் வழங்கும் காப்ரா என்னும் பெயர், மலையாளத்திலும் தமிழிலும் வழங்கும் கொப்பரை என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. தேங்காய் நாரைக் குறிக்கும் காயர் என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் கயிறு என்னும் சொல்லோடு உறவுடையதே.

சுண்ணாம்புக் கம்பமும் தேங்காய் மட்டையும்

1819 ஆம் ஆண்டு மே மாதத்தில் இராஃபிள்சின் இரண்டாம் வருகையின்போது பினாங்கிலிருந்து உடன் வந்தவர் நாராயண பிள்ளை. இங்குச் செங்கற் சூளை அமைத்து, கட்டுமானத் தொழிலில் ஈடுபட்டு, 1827 ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் அருள்மிகு மாரியம்மன் ஆலயத்தை நிறுவினார். அவ்வாலயம் தொடக்கத்தில் மரமும் கீற்றும் கொண்டு எழுந்த எளிய கட்டடமே.

இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் சிராங்கூன் சாலை வட்டாரத்தைத் தமிழர் அக்காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். அங்கு இருந்த சுண்ணாம்புக் காளவாய்களே அப்பெயருக்குக் காரணம். அருகில் இன்றும் உள்ள கம்போங் கப்பூர் சாலையின் பெயரிலும், சுண்ணாம்பைக் குறிக்கும் மலாய்ச் சொல் இருப்பதைக் காணலாம்.

சுண்ணாம்பிற்கும் தேங்காய்க்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். 1856 ஆம் ஆண்டு முதல் 1861 ஆம் ஆண்டு வரை எழுப்பப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் கட்டுமானத்தில், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள் உழைத்தனர். அக்கைதிகளின் மேற்பார்வை அலுவலராக இருந்த மக்நேர் 1899 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உட்சுவர்ப் பூச்சிற்கு அவர்கள் பயன்படுத்திய சென்னைச் சுண்ணச் சாந்தின் செய்முறையைக் குறித்து வைத்துள்ளார். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, வெல்லம் ஆகியவற்றை, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துச் சாந்து அமைத்தனர். காய்ந்தபின் கல்லால் தேய்த்து, பளிங்கு போன்ற மெருகு ஏற்றினர். நம்மவர் கைகளில் தேங்காயின் எப்பகுதியும் வீணாகவில்லை. பருப்பு அடுக்களைக்கும், நார் கயிற்றிற்கும், ஓடு அகப்பைக்கும் அடுப்பிற்கும், மட்டை ஊறிய நீர் மாளிகைச் சுவருக்கும் பயன்பட்டன.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவர்ச் சாந்தின் செய்முறை அலுவலர் ஒருவரின் நூலில் ஏறி நிலைத்துவிட்டது. அதே காலத்தில் நம் பெண்டிர் அம்மியில் அரைத்த துவையலின் செய்முறையை எழுதி வைப்பார் இல்லை. அது தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைவழியே வந்தது. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

கீழைக் கரையின் தென்னந்தோப்புகள்

சிங்கப்பூரில் முதலில் குடியேறிய ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சாதிக்காய், கிராம்பு, கரும்பு, பருத்தி எனப் பலவற்றைப் பயிரிட்டுப் பார்த்தனர். அவற்றுள் பெரிதும் நம்பப்பட்ட சாதிக்காய்த் தோட்டங்களை 1850களிலும் 1860களிலும் நோய் தாக்கி அழித்தது. கிழக்குக் கடற்கரையின் மணற்பாங்கான நிலத்தில் தென்னை நிலைத்து நின்றது. கத்தோங், சிக்லாப், கேலாங் வட்டாரங்கள் தென்னந்தோப்புகளாயின. காவல்துறையின் முதல் ஆணையராக இருந்த தாமஸ் டன்மன் கத்தோங்கில் பெரியதொரு தென்னந்தோட்டம் வைத்திருந்தார். பிற்காலத்தில் சூ ஜூ சியாட் என்னும் சீன வணிகரும் அவ்வட்டாரத்தில் தோட்ட நிலங்களை வாங்கினார். ஜூ சியாட் சாலை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தென்னைக்குப் பகையும் இருந்தது. காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் தோப்புகளைத் துளைத்தன. 1888 ஆம் ஆண்டில் பூமலைத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, அடுத்த ஆண்டே இவ்வண்டுகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். 1890 ஆம் ஆண்டில் தென்னை மரங்களைக் காப்பதற்கென்றே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஒரு மரத்தைக் காக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது எனின், இத்தீவின் வாழ்வில் அது பெற்றிருந்த இடத்தை உணரலாம்.

இத்தென்னஞ்சோலைகளின் நடுவேதான் கத்தோங்கின் சிலோன் சாலையில் அருள்மிகு செண்பக விநாயகர் ஆலயம் தோன்றியது. 1850களில் அங்கிருந்த குளக்கரையில் விநாயகர் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டது என்றும், எதிர்நாயகம் பிள்ளை என்னும் அன்பர் செண்பக மரத்தடியில் எளிய கொட்டகை அமைத்து வழிபாட்டைத் தொடங்கினார் என்றும் ஆலய வரலாறு கூறும். இலங்கைத் தமிழரின் வழிபாட்டு மையமாக அது வளர்ந்தது.

அடுக்களையில் கலந்த சுவைகள்

சிங்கப்பூரில் குடியேறிய தமிழர் அனைவரும் தேங்காயை ஒரே வகையில் பயன்படுத்தியவர் அல்லர். தஞ்சை, நாகைப் பகுதியிலிருந்து வந்தோர் துருவிய தேங்காயைப் பொரியலிலும் கூட்டிலும் தூவினர். நகரத்தார் சமையலில் தேங்காயோடு கசகசாவும் சோம்பும் அரைபட்டுக் குழம்பில் சேர்ந்தன. நெல்லையிலிருந்து வந்தோர் தேங்காய்ப்பாலில் காய்கறிகளை வேகவைத்துச் சொதி செய்தனர். யாழ்ப்பாணத்தாருக்கோ பிட்டும் இடியப்பமும் சம்பலும் பால்கறியும் அன்றாட உணவு. கேரளத்தார் அவியலையும் ஓலனையும் கொண்டு வந்தனர். தாயகத்தில் நூற்றுக்கணக்கான கல் தொலைவில் வாழ்ந்த இவர்கள், இங்கே ஒரே தெருவில் அண்டை வீட்டாராயினர். தட்டுகள் வேலியைத் தாண்டின, சுவைகளும் தாண்டின.

மலாய் மக்களிடமிருந்து நாம் கற்றதும் மிகுதி. தேங்காய்ப்பாலில் அரிசியை வேகவைக்கும் நாசி லெமாக்கும், நம் தேங்காய்ப்பால் சாதமும் உடன்பிறப்புகள் எனலாம். யாழ்ப்பாணத்தார் ரம்பை என்று வழங்கும் பாண்டான் இலை, இங்குள்ள தமிழ் இல்லங்களில் பாயசத்திற்கும் மணம் கூட்டலாயிற்று. தென்னம் பாளையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் குலா மலாக்கா, கருப்பட்டிக்கு மாற்றாயிற்று.

கொடுத்ததும் குறைவன்று. நம் இடியப்பம் புட்டு மாயம் என்னும் பெயரில் மலாய், சீன மக்களின் காலை உணவாயிற்று. பிரம்புக் கூடையைத் தலையில் சுமந்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து அதனை விற்றுச் சென்ற தமிழரைப் பழைய சிங்கப்பூர்வாசிகள் இன்றும் நினைவுகூர்வர். புட்டு பிரிங் என்னும் ஆவியில் வெந்த பலகாரத்தின் பெயரும் தமிழ்ப் பிட்டின் பெயரோடு உறவுடையதாகவே கருதப்படுகிறது. தீபாவளிக்கு நாம் சுடும் அச்சு முறுக்கு, அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்துச் செய்யப்படுவது. மலாய் மக்கள் அதனைக் குவே ரோஸ் என்பர். தட்டில் ஒன்றாக அமரும்போது எது எவருடையது என்று எவரும் கேட்பதில்லை.

போர்க்காலத்தின் பாடம்

1942 ஆம் ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி அருகியது. பங்கீட்டில் கிடைத்த அரிசி போதவில்லை. மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் நம்பி வாழ்ந்தனர். அவித்த மரவள்ளியில் சுவையென்று ஒன்றும் பெரிதாக இல்லை, சத்தும் குறைவு. அதனோடு சிறிது தேங்காய்ப்பூவும் உப்பும் அல்லது சர்க்கரையும் சேர்ந்தபோதுதான் அது குழந்தைகளும் உண்ணத்தக்க உணவாயிற்று. சமையலுக்கும் விளக்கிற்கும் தேங்காய் எண்ணெயும் செம்பனை எண்ணெயும் கைகொடுத்தன.

வீட்டு முற்றத்தில் ஒரு தென்னை நின்றவர்கள் அக்காலத்தில் செல்வர்களே. இன்று தேநீர் விருந்துகளில் நாம் சுவைக்கும் மரவள்ளி அடைகளையும் பிங்கா என்னும் பலகாரத்தையும் காணும்போது, பசியோடு மூன்றரை ஆண்டுகளைக் கடந்த தலைமுறையை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

முற்றத்திலிருந்து அடுக்குமாடிக்கு

1960 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கம்பங்களில் வாழ்ந்த மக்கள் படிப்படியாக அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். குழாய்நீரும் மின்சாரமும் சுகாதாரமும் கிடைத்தன. தீ விபத்து அச்சம் நீங்கிற்று. அதே வேளையில் முற்றமும் முற்றத்துத் தென்னையும் மறைந்தன. 1966 ஆம் ஆண்டில் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நில மீட்புப் பணியால், தென்னை வரிசை நின்ற பழைய கரையே உள்நாட்டுச் சாலையாயிற்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் மாடி வீட்டிற்கு ஏற்றவையாக இல்லை. அரிவாள்மனையில் பொருத்திய துருவியின் மேல் அமர்ந்து தேங்காய் துருவுதற்கு இடமும் நேரமும் சுருங்கின.

இம்மாற்றத்தின் இடைவெளியை நிரப்பியது சந்தை. 1915 ஆம் ஆண்டில் எழுந்த கண்டாங் கெர்பாவ் சந்தையை நம்மவர் தேக்கா என்றே அழைத்தனர். 1982 ஆம் ஆண்டில் அது சாலையின் எதிர்ப்புறத்தில் எழுந்த புதிய கட்டடத்திற்கு மாறியது. ஜூஜியாவ் நிலையம் என்று பெயரிடப்பட்ட அக்கட்டடம், 2000 ஆம் ஆண்டில் மக்கள் நாவில் நிலைத்திருந்த தேக்கா என்னும் பெயரையே மீண்டும் பெற்றது. இத்தகைய ஈரச் சந்தைகளில் மின்விசைத் துருவியை வைத்துத் தேங்காய் விற்போர், கண் எதிரே ஓட்டை நீக்கி, துருவிப் பையில் இட்டுத் தருவர். பலகாரத்திற்கு எனில் பழுப்புத் தோலைச் சீவி வெண்ணிறப் பூவாகவும், கறிக்கு எனில் தோலுடனும் கேட்டு வாங்குவது வழக்கம்.

அதன்பின் வந்தது அட்டைப்பெட்டித் தேங்காய்ப்பால். வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு அது பேருதவி என்பதை மறுக்க இயலாது. அதனைக் குறைகூறுதல் இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஆனால் அதன் விளைவாகப் பல இல்லங்களில் முழுத் தேங்காயே நுழைவதில்லை. இன்று அவ்வில்லங்களுக்குள் புதிய தேங்காய் வருவதற்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி ஆலயமே. அர்ச்சனைத் தட்டு இல்லையேல், தேங்காயின் கண் மூன்று என்பதையும், உடைத்தவுடன் எழும் மணத்தையும் நம் பிள்ளைகள் அறியாமலே வளர்வர். அடுக்களை கைவிட்ட ஒன்றை ஆலயம் காத்து நமக்குத் திருப்பித் தருகிறது.

மேலும், நாம் உடைக்கும் காய்கள் இத்தீவில் விளைந்தவை அல்ல. பெரும்பாலும் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருபவை. பூத்த பாளை முற்றிய காயாக ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஆதலின் ஓராண்டின் வறட்சி மறு ஆண்டின் விளைச்சலில் வெளிப்படும். 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விளைச்சல் குறைந்து தேங்காய் விலை இவ்வட்டாரமெங்கும் ஏறியதை இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள். எளிதில் கிடைக்கிறது என்பதற்காக எளிதாக எண்ணத்தக்க பொருள் அன்று தேங்காய்.

பூசைத் தேங்காயைப் பயன்படுத்தும் முறைகள்

வரலாற்றைப் படித்து மகிழ்வதோடு நில்லாமல் நடைமுறைக்கும் வருவோம். ஆலயத்திலிருந்து கொண்டுவந்த தேங்காய் மூடியில் படிந்த குங்குமத்தையும் விபூதியையும் கழுவித் துடைத்து, கூடுமானவரை அன்றே துருவிவிட வேண்டும். நம் தட்பவெப்பத்தில் உடைத்த காய் வெளியில் இருந்தால் விரைவில் புளித்துவிடும். மூடியைக் குளிர்பதனப் பெட்டியில் திறந்தபடி வைப்பதினும், துருவிய பூவை ஒரு வேளைக்கு ஆகும் அளவில் சிறு பொட்டலங்களாக உறைபெட்டியில் வைப்பது நன்று. இரண்டு மூன்று மாதம் வரை கெடாது. துருவி இல்லாதோர், மூடியை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் பருப்பு ஓட்டிலிருந்து எளிதில் பிரியும். அதனைச் சிறு துண்டுகளாக்கி அரைவை இயந்திரத்தில் இட்டுப் பூவாக்கிக் கொள்ளலாம். புளித்த மணமோ நிறமாற்றமோ இருந்தால் உண்ணுதல் கூடாது.

அரை மூடி மட்டும் இருந்தால் துவையல் செய்யலாம். வறுத்த உளுந்து, மிளகாய் வற்றல், சிறிது புளி, உப்பு ஆகியவற்றோடு நீர் மிகாமல் அரைத்தால் சுடுசோற்றிற்கு அதுவே போதும். யாழ்ப்பாண முறையில் சம்பல் செய்வோர், மிளகாயும் உப்பும் முதலில் இடித்து, பின்னர்த் தேங்காய்ப்பூவைச் சேர்த்து, இறுதியில் எலுமிச்சைச் சாறு பிழிவர். விரத நாள்களில் வெங்காயத்தைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டு மூடியும் இருந்தால் பால் எடுக்கலாம். ஒரு காயின் பூவில் ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீர் ஊற்றி அரைத்துப் பிழிவது முதற்பால். மீண்டும் நீர் சேர்த்துப் பிழிவது இரண்டாம் பால். காய்கறியோ பருப்போ இரண்டாம் பாலில் வேக வேண்டும். முதற்பாலை இறக்கும் தறுவாயில் சேர்த்து, கொதிவரும் முன் அடுப்பை அணைக்க வேண்டும். இல்லையேல் பால் திரிந்துவிடும். சொதிக்கும் பாயசத்திற்கும் இவ்விதி ஒன்றே. பிழிந்த சக்கையையும் எறிய வேண்டுவதில்லை. வாணலியில் சிவக்க வறுத்து, மிளகாய், பருப்பு சேர்த்துப் பொடித்தால் இட்லிக்குப் பொடியாகும். அடை மாவிலும் கலக்கலாம். உடைக்கும்போது பிடித்து வைத்த தேங்காய் நீரை ஆப்ப மாவில் சேர்த்தால் மாவு நன்கு புளித்துப் பொங்கும்.

இக்காலத்து இல்லங்களில் வெதுப்படுப்பு இடம்பெற்றுவிட்டது. இளையோர் கேக் செய்வதில் ஆர்வம் காட்டுகின்றனர். அவ்வார்வத்தையும் நம் மரபோடு இணைக்கலாம். முட்டை சேர்க்காத மரவள்ளிப் பிங்காவிற்கு, துருவிய மரவள்ளி 1 கிலோ, முதற்பால் 250 மில்லி லிட்டர், சர்க்கரை 250 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியன போதும். பாண்டான் இலையின் சாறு மணம் சேர்க்கும். நெய் தடவிய தட்டில் ஊற்றி, 180 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 1 மணி நேரம், மேற்பரப்பு பொன்னிறமாகும் வரை வேகவிட வேண்டும். நன்கு ஆறிய பின்னரே துண்டு போடுதல் வேண்டும்.

ரவை கேக்கிற்கு, 1 கோப்பை ரவையை 1 கோப்பை தேங்காய்ப்பாலில் அரைமணி நேரம் ஊறவைத்து, முக்கால் கோப்பை சர்க்கரை, அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, கால் கோப்பை உருக்கிய நெய், 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஏலப்பொடி ஆகியவற்றைக் கலந்து, அதே வெப்பத்தில் அரைமணி நேரத்திற்குச் சற்று மேலாக வேகவிடலாம். பிள்ளைகள் தாமே செய்து, வீட்டுப் பூசையில் படைத்து, அண்டை வீட்டாருக்கும் வழங்கினால் அதைவிட மகிழ்ச்சி வேறென்ன?

ஓர் எச்சரிக்கையும் தேவை. புதிய தேங்காய் 100 கிராமில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு உண்டு. அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. நார்ச்சத்தும் ஏறத்தாழ 9 கிராம் உண்டு. நீரிழிவும் இதய நோயும் நம் சமூகத்தில் பெருகியுள்ள நிலையில், அளவறிந்து உண்பதே அறிவுடைமை. முன்னோர் நாள்தோறும் தேங்காய் உண்டனர் என்பது உண்மையே. துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் வெயிலில் உடல் வருந்த உழைத்தோர் அவர்களுள் பலர் என்பதும் உண்மை. பாலாகப் பிழிந்து மிகுதியாகப் பருகுவதினும், பூவாகத் தூவிச் சிறிதளவு உண்பது நமக்கு ஏற்றது. எஞ்சியதை உறைபெட்டி காக்கும். அண்டை வீட்டார்க்கும் பகிரலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

தோட்ட உரிமையாளர்களின் பெயர்கள் சாலைகளில் நிலைத்துள்ளன. வண்டுகளைப் பற்றிய அறிக்கைகள் நூலகத்தில் உள்ளன. ஆலயங்களை எழுப்பிய பெரியோர்களை நாம் நன்றியுடன் போற்றுகிறோம். ஆனால் ஆலயத்திலிருந்து வந்த தேங்காயை ஒரு துளியும் வீணாக்காமல், ஐந்தாறு பிள்ளைகள் நிறைந்த வீட்டில் பகிர்ந்தளித்த தாய்மார்களின் கைத்திறன் எந்த ஆவணத்திலும் இல்லை. அதனை அறிந்தோர் இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்த முதியோராக நம்மிடையே உள்ளனர். திருவிழாக் காலத்தில் குடும்பத்தார் ஒன்றுகூடும்போது, பாட்டியாரின் அருகில் அமர்ந்து, அவர் செய்யும் ஒரு பலகாரத்தின் முறையையாவது இளையோர் கேட்டு எழுதிக்கொள்வார்களாக. அளவைக் கேட்டால் அவர் கைப்பிடி என்பார், கண்ணளவு என்பார். உடனிருந்து அளந்து பார்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை அர்ச்சனைத் தட்டைப் பெற்றுக்கொள்ளும்போது, அத்தேங்காய் வீட்டில் என்னவாகப் போகிறது என்பதையும் அங்கேயே எண்ணிக்கொள்வோமாக. துவையலோ பாயசமோ கேக்கோ எதுவாயினும், வீட்டார் கூடி உண்ணும் அவ்வேளையில்தான் நம் அர்ச்சனை முழுமை பெறுகிறது.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் மெய்யன்பர்கள் இல்லங்களில் அன்னமும் அன்பும் என்றும் குறைவின்றி நிறைவதாக.